குப்பி ஒன்று, மூடி ஒன்று

நான் சொல்லப்போவதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. எதன்மேல் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் செய்வேன். ஆனால் எங்கள் வீட்டில் எதன்மேல் அடித்தாலும் உடைந்துவிடும் என்பதால், காற்றின்மேல் கை வைத்துச் சத்தியம் செய்து பழகிவிட்டேன். காற்று இதுவரை என்னை மறுத்துப் பேசியதில்லை.

நான் லிஃப்ட் ஓட்டியவன். ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில், வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள்வரை மேலே போய்க் கீழே வந்தேன். அத்தனை தூரத்தையும் படுக்கப்போட்டு அளந்தால் உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மிச்சமும் இருக்கும் என்று கட்டடத்து இன்ஜினியரே சொன்னார். அவ்வளவு பயணம் செய்தும் நான் எங்கேயும் போய்ச் சேரவில்லை. அந்த அசதி இன்னும் கால்களில் இருக்கிறது. ஓய்வு பெற்றபோது எனக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. வீட்டில் ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். நாற்காலியும் இருந்தது. அதன்மேல் கண்ணாடி இருந்தது.

என் மனைவி கண்ணாடி சேர்ப்பவள். முகம் பார்க்கிற கண்ணாடி அல்ல, பழைய பாத்திரங்கள். டம்ளர், ஜாடி, சர்க்கரைக் கிண்ணம், மருந்துக் குப்பி, மைப்புட்டி, விளக்குச் சிம்னி, கதவுக் குமிழ். வயதில் எனக்கு மூத்ததாக இருக்க வேண்டும், எனக்கு உபயோகப்படாததாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் அதற்கு எங்கள் வீட்டில் இடம் உண்டு. எனக்குத்தான் இல்லை.

வீட்டுக்குள் பக்கவாட்டில்தான் நடக்க முடியும். நேராக நடப்பது எப்படி என்று எனக்கு மறந்துபோய், வெளியே தெருவிலும் நண்டு மாதிரிதான் போவேன். தும்மல் வந்தால் வாசலைத் தாண்டி, தெருவைக் கடந்து, மருந்துக்கடை வரைக்கும் போய்த்தான் தும்ம வேண்டும் என்பது சட்டம். அங்கே போய்ச் சேர்வதற்குள் தும்மல் மனசு மாறிவிடும். இன்னும் தும்மாத தும்மல்கள் எனக்குள் நிறையத் தேங்கிக் கிடக்கின்றன. எலி பிடிக்க ஒரு பூனை வந்தது. கூடத்தில் நுழைந்து நாலாபக்கமும் பார்த்தது. அத்தனை கண்ணாடியிலும் அத்தனை பூனை. இவ்வளவு பேர் வேலை பார்க்கிற இடத்தில் தனக்கென்ன வேலை என்று நினைத்ததோ என்னவோ, வந்த வழியே ராஜினாமா செய்துவிட்டுப் போய்விட்டது.

ஒரு மத்தியானம் திருடன் ஒருவன் ஜன்னல் வழியாக இறங்கினான். ஒரு காலை ஊன்றிவிட்டான். அடுத்த காலை வைக்க இடமில்லை. கொக்கு மாதிரி நின்றுகொண்டிருந்தவனை என் மனைவி பார்த்தாள்.

"யாருப்பா நீ?"

"திருடன்மா."

"சரி, அசையாதே. கையை மட்டும் நீட்டு."

அலமாரியில் இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து அவன் கையில் கொடுத்துக்கொண்டே தூசி தட்டினாள். ஒரு தட்டு முடிந்தது, அடுத்த தட்டு. சாயங்காலம் அவன் அழ ஆரம்பித்தான். "அம்மா, போலீஸைக் கூப்பிடுங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." போலீஸ் வந்தது. வாசலோடு நின்றுகொண்டது. "நாங்க உள்ளே வரலை சார். அவனா வெளியே வந்தா பிடிச்சுக்கறோம்."

இந்த வியாதி என் மனைவிக்கு அவள் அப்பாவிடமிருந்து வந்தது. என் மாமனார் ஏலக்கடைக்காரர். வீடு காலி செய்பவர்கள், ஊர் மாறுபவர்கள், செத்துப்போனவர்கள், இவர்களுடைய சாமான்களெல்லாம் அவர் கடைக்குத்தான் வரும். நான் பெண் கேட்டுப் போனபோதுகூட மேஜையைத் தட்டி, "ஒருதரம், ரெண்டுதரம்" என்று என்னைப் பார்த்தார். பதற்றத்தில் நான் தலையை ஆட்டிவிட்டேன். வேறு யாரும் கேட்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அவர் சொல்வார், ஒரு காலத்தில் கண்ணாடிப் பாத்திரம் என்றால் விருந்தாளி வந்தால்தான் அலமாரியே திறக்குமாம். பணக்காரர் வீட்டில் பட்டை வெட்டிய கண்ணாடி. மற்றவர்கள் வீட்டில் அதே மாதிரி அச்சில் வார்த்த கண்ணாடி. அச்சில் வார்த்ததில் பக்கவாட்டில் மெல்லிசாக ஒரு கோடு ஓடும். அந்தக் கோட்டைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைக்கத் தெரிந்தவள்தான் நல்ல குடும்பத்துப் பெண். அப்புறம் தேயிலைப் பொட்டலத்தோடு டம்ளர் இலவசமாக வர ஆரம்பித்தது. இலவசமாக வந்ததும் மரியாதை போயிற்று. அதன்பின் பிளாஸ்டிக் வந்தது. விழுந்தால் உடையாது என்று கடைக்காரன் தரையில் போட்டுக் காட்டினான். ஊரே கைதட்டியது. உடையாத ஒன்று கிடைத்ததும், உடைகிற அத்தனையும் பரணுக்குப் போயின; பரணிலிருந்து கூடை கூடையாக மாமனார் கடைக்கு வந்தன. அதை வாங்க ஆளில்லை. பீரோ ஏலம் எடுத்தவன் தலையில் ஒரு கூடைக் கண்ணாடியையும் கட்டி அனுப்புவார். பாதிப் பேர் தெருமுனையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அதை என் மனைவியும் அவள் தம்பியும் ஓடிப்போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவார்கள். இருவருக்கும் அதுதான் விளையாட்டு.

மாமனார் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. மூடியுள்ள குப்பி வந்தால் குப்பியை ஒரு தட்டிலும் மூடியை வேறொரு தட்டிலும் வைப்பார். ஏலத்தில் அவை இரண்டும் இரண்டு சாமான். பழைய குப்பிகளில் கழுத்தையும் அதற்குள் இறங்கும் மூடியின் தண்டையும் ஒன்றோடொன்று மணல் போட்டு அரைத்துப் பொருத்தியிருப்பார்கள். அந்தக் குப்பிக்கு அந்த மூடிதான். உலகத்தில் வேறொன்று சேராது. இரண்டிலும் ஒரே எண்ணைக் கீறி வைத்திருப்பார்கள். "சேர்த்து வெச்சா ஒருத்தன்தான் வருவான். பிரிச்சு வெச்சா ரெண்டு பேர் அலைவாங்க" என்பது மாமனாரின் சித்தாந்தம். பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்லிக்கொடுத்திருந்தார். குப்பியை மூடுவதற்குமுன் இரண்டையும் ஒரே மேஜையில் வைத்து, ஒரே காற்றை வாங்கவிட வேண்டும். ஒன்று சூடாகவும் ஒன்று குளிர்ச்சியாகவும் இருக்கும்போது மூடவே கூடாது.

அவர் மேஜையில் கருநீலக் குப்பி ஒன்று இருந்தது. கூவிக்கூவித் தொண்டை வறண்டால் அதிலிருந்துதான் தண்ணீர் குடிப்பார். அதை மட்டும் அவர் பிரித்ததில்லை, விற்றதில்லை.

அவர் போனபின் அக்காவும் தம்பியும் கடையைப் பங்கு பிரித்தார்கள். ஏலக்கடைப் பிள்ளைகள் அல்லவா? ஆளுக்கு ஒரு முறை, மாற்றி மாற்றி எடுத்துக்கொள்வது என்று ஏற்பாடு. என் மனைவி முதல் முறையே கையை நீட்டினாள்.

"எனக்கு நீலக் குப்பி."

மச்சினன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டான். அவன் பல்செட் செய்கிறவன். எதையும் நிதானமாக, அளவெடுத்துத்தான் செய்வான். "எனக்கு நீலக் குப்பியோட மூடி" என்றான்.

"டேய், விளையாடாதே."

"இதுல என்னக்கா விளையாட்டு? குப்பி ஒண்ணு, மூடி ஒண்ணு. அப்பா கடை வழக்கம் அதுதானே?"

"அது வாடிக்கைக்காரங்களுக்குடா!"

"அப்ப நான் யாரு? நீ முதல் முறையே அதை எடுத்துக்குவே, நான் பார்த்துட்டு நிக்கணுமா?"

அவள் குப்பியை எடுத்துக்கொண்டாள். அவன் மூடியை எடுத்துக்கொண்டான். அன்று நின்றது பேச்சு.

நான் இருக்கும்போது அவர்களுக்குப் பேச்சு எதற்கு? மேலே போய்க் கீழே வருவது எனக்குப் பழக்கம்தானே. "மூடியைக் கொடுக்கச் சொல்லுங்க" என்று இவள் அனுப்புவாள். "குப்பியைக் கொடுக்கச் சொல்லுங்க அத்தான்" என்று அவன் திருப்பி அனுப்புவான். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு பூங்கா. அதில் ஒரு பெஞ்சு. சில வருஷங்களுக்குப் பிறகு நான் மச்சினன் வீடுவரை போவதை விட்டுவிட்டேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, போய்வரும் நேரத்தைக் கணக்குப் பண்ணித் திரும்பி வந்து, "மாட்டானாம்" என்பேன். ஒரு தடவைகூட என் பதில் தப்பாக இருந்ததில்லை.

இதற்கிடையில் இவள் வேறு மூடி தேடாத இடமில்லை. பழைய சாமான் சந்தையில் குப்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, கண்ட மூடியையெல்லாம் செருப்புப் போட்டுப் பார்ப்பதுபோலப் போட்டுப் பார்ப்பாள். ஒன்று ஆடும், ஒன்று இறங்காது. தக்கை வைத்தாள். அது குப்பிக்குப் பொருந்தியது, அவளுக்குப் பொருந்தவில்லை. கடைசியில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு, "அந்த மூடி மாதிரியே ஒண்ணு செஞ்சாவது தரச் சொல்லுங்க" என்று என்னை அனுப்பினாள். அதற்கு மட்டும் பெஞ்சைத் தாண்டிப் போனேன். மச்சினன் செய்து கொடுத்தான், அளவு அச்சாக. ஆனால் அவனிடம் இருந்தது பல்செட் செய்கிற சாமான். நீலக் குப்பியின் தலையில் ரோஜா நிறத்தில் ஈறு முளைத்த மாதிரி இருந்தது. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி உள்ளே போய்விட்டாள். அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

அப்போதுதான் டார்ச் வந்தாள். எங்கள் தெருவுக்குக் குடிவந்த பெண், வங்கியில் வேலை. அவள் பெயரை யாரும் கேட்டதில்லை, ஏனென்றால் அவளுக்குமுன் அவளுடைய டார்ச் வந்துவிடும். அதில் ஊதா வெளிச்சம் வரும். சில பழைய கண்ணாடிகள்மேல் அடித்தால் அவை பச்சையாக ஒளிரும். ஒரு மாலை கரண்ட் போய்விட்டது. அவள் எங்கள் வீட்டுப் பச்சைக் கிண்ணத்தின்மேல் டார்ச்சைப் பிடித்தாள். ஜன்னலுக்கு வெளியே தெருவே வந்து நின்று செய்தித்தாள் படித்தது. எதிர்வீட்டு வாத்தியார் அந்த வெளிச்சத்தில் விடைத்தாள் திருத்தினார். அந்த வருஷம் எல்லோரும் பாஸ்.

அவளைப்போல ஒரு கூட்டமே இருக்கிறதாம். எல்லோரும் சின்ன வயசு. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் பழைய சாமான் சந்தையில்தான் இருப்பார்கள். அம்மாக்கள் தெருமுனையில் வைத்துவிட்டுப் போனதை மகள்கள் வரிசையில் நின்று வாங்குகிறார்கள். அச்சுக் கோட்டைச் சுவர்ப் பக்கம் திருப்புவதும் இல்லை. அந்தக் கோட்டைத்தான் போனில் படம் எடுக்கிறார்கள்.

"ஏம்மா, உங்க வயசுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்டேன்.

"எங்க ஆபீஸ்ல எல்லாமே ஒரே மாதிரி இருக்கும் அங்கிள். என் மக், பக்கத்து சீட் மக், மேனேஜர் மக், எல்லாம் ஒண்ணு. மாத்தி எடுத்துட்டாக்கூடத் தெரியாது. இந்த டம்ளரைப் பாருங்க. உள்ளே ஒரு காத்துக் குமிழி தெரியுதா? ஊதினவரோட மூச்சு. இன்னும் உள்ளேயே இருக்கு."

வாங்கி உற்றுப் பார்த்தேன். யாரோ ஒரு மனுஷன் வேலை நேரத்தில் பெருமூச்சு விட்டிருக்கிறான். அது எனக்கு நன்றாகப் புரிந்தது.

நூலக மண்டபத்தில் ஒரு பழைய கண்ணாடிக் காட்சி வைக்கப்போவதாக டார்ச் சொன்னாள். நீலக் குப்பியைத் தூக்கிப் பார்த்தாள், கழுத்தைத் தடவிப் பார்த்தாள், வாயைப் பிளந்தாள்.

"ஆன்ட்டி, இது நடு மேஜையில வைக்க வேண்டிய பீஸ்! மூடி எங்கே?"

என் மனைவி குப்பியை வாங்கி முந்தானையால் துடைத்தாள்.

"மூடி இல்லையா? ஐயோ. அப்ப குறையுள்ள சாமான் மேஜைக்குத்தான் போகும் ஆன்ட்டி. நான் வெச்ச ரூல் இல்லை, குழுவோட ரூல்."

"அந்த மேஜை எங்கே இருக்கும்?"

டார்ச் தயங்கினாள். "ரெஸ்ட் ரூம் பக்கத்துல."

அவள் போனபின் என் மனைவி வெகுநேரம் குப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு மட்டும் எப்படியோ உட்கார இடம் கிடைத்துவிடும்.

"எங்கப்பா குப்பி கக்கூஸ் வாசல்லயாங்க?"

"காட்சிக்கே கொடுக்க வேண்டாம்மா. விட்டுடு."

"அதில்லைங்க. எனக்கும் வயசாச்சு. முட்டி போச்சு, கண்ணும் மங்குது. போறதுக்குள்ள ஒரு தடவை அதை முழுசாப் பார்த்துடணும். அப்பா மேஜையில இருந்த மாதிரி. ஒரே ஒரு நாள் போதும். அப்புறம் அவன் மூடியை அவனே எடுத்துட்டுப் போகட்டும். போய்ச் சொல்லுங்க."

இந்தத் தடவையும் நான் பெஞ்சில் உட்காரவில்லை.

மச்சினன் மாடி வீட்டில், அதுவும் உச்சி மாடியில் இருக்கிறான். லிஃப்ட் வேலை செய்யவில்லை. நான் வருகிற நாட்களில் லிஃப்டுகள் வேலை செய்வதில்லை. இத்தனை வருஷம் என்னைத் தூக்கிய அலுப்பு அவற்றுக்கும் இருக்கும்தானே. ஒவ்வொரு மாடியிலும் நின்று, வழக்கம்போல மாடி எண்ணைச் சொல்லிவிட்டு, ஏறினேன். உச்சியில் கதவைத் திறந்தவன் பக்கவாட்டில் நின்றுகொண்டிருந்தான். அவன் வீட்டிலும் பாதிக் கடை இருக்கிறதே.

விஷயத்தைச் சொன்னேன். அவன் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, மேல் தட்டில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவேயிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தான். உள்ளே நீல மூடி, பனி பூத்துக் கிடந்தது.

"ஏன்டா இதை இங்கே வெச்சிருக்கே?"

"திருடன் ஐஸுக்குள்ள தேட மாட்டான் அத்தான். உங்க வீட்டுக்கு ஒருத்தன் வந்தானே, அவன் கதையைக் கேட்டதிலேர்ந்து இங்கேதான்." அதைத் திரும்ப முடிச்சுப்போட்டு உள்ளே வைத்தான். "சரி, தரேன். ஆனா நான்தான் கொண்டு வருவேன், நான்தான் மூடுவேன். சாயங்காலம் நான்தான் எடுத்துட்டுப் போவேன். யார் கையும் படக் கூடாது."

"சரி."

நான் படி இறங்கும்போது மேலேயிருந்து குரல் வந்தது. "அத்தான், அக்கா நல்லா இருக்காளா?"

"முட்டி வலி. கண்ணு மங்குதாம்."

படிக்கட்டுக் கைப்பிடிமேல் குனிந்து எட்டிப் பார்த்தான். "நான் கேட்டேன்னு சொல்லாதீங்க."

காட்சி நாளன்று காலையில் என் மனைவி நீலக் குப்பியை வெந்நீரில் குளிப்பாட்டினாள். பளபளப்பு வேண்டுமாம். கழுத்தில் ஆவி பறக்கப் பறக்கத் துவாலையில் சுற்றி, குளித்த குழந்தையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். அந்தப் பக்கம் மச்சினன், மூடி வழியில் வியர்த்து வழுக்கிவிடக் கூடாதென்று, ஒரு பிளாஸ்கில் ஐஸ் போட்டு அதற்குள் மூடியை வைத்துக் கொண்டுவந்தான். மண்டபத்து நடு மேஜையில் சந்தித்தார்கள். இத்தனை வருஷத்தில் இருவர் தலையும் நரைத்திருந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. நடுவில் நான் நின்றேன்.

"குப்பியை நேராப் பிடிக்கச் சொல்லுங்க அத்தான்."

"நேராத்தான் பிடிச்சிருக்கேன்னு சொல்லுங்க."

"துவாலையை எடுக்கச் சொல்லுங்க."

"எடுத்தாச்சு. வெறுங்கையால தொடாம, துடைச்சுட்டுப் போடச் சொல்லுங்க."

துடைத்தான். மூடியைத் தூக்கிக் கழுத்தில் இறக்கினான். வெண்ணெயில் கத்தி இறங்கிய மாதிரி இறங்கியது. ஒரு சத்தம் வந்தது பாருங்கள், அதற்கு என்னிடம் வார்த்தை இல்லை. மண்டபத்தில் இருந்த அத்தனை கண்ணாடியும் அதற்குப் பதில் சொன்னது. கோப்பைகள் சொல்லின, ஜாடிகள் சொல்லின, கட்டடத்து ஜன்னல்கள் சொல்லின, எதிரே சாலையில் நின்ற காரின் முன்கண்ணாடிவரை அந்தச் சத்தம் போயிற்று. நூலகர் ஓடிவந்து, "சைலன்ஸ் ப்ளீஸ்" என்றார்.

என் மனைவி அந்த மேஜையை விட்டு நகரவில்லை. சுற்றிச் சுற்றி வந்தாள். வந்தவர்களெல்லாம் படமெடுத்தார்கள். மச்சினன் எதிர்ப் பக்கம் நின்று அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். என் கால்கள் கெஞ்சின. மண்டபத்தில் நாற்காலிகள் இருந்தன. எல்லாவற்றிலும் கண்ணாடி இருந்தது.

சாயங்காலம் கூட்டம் கலைந்தது. மச்சினன் பிளாஸ்கை எடுத்தான்.

"மூடியை எடுத்துக்கறேன்னு சொல்லுங்க அத்தான்."

"எடுத்துக்கச் சொல்லுங்க" என்றாள் என் மனைவி.

அவன் மூடியைப் பிடித்துத் திருகினான். அது அசையவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் திருகினான். குப்பியும் சேர்ந்து சுழன்றது.

என் மனைவி பாய்ந்து குப்பியைப் பிடித்தாள். "டேய்! மூடியை எங்கேடா வெச்சிருந்தே?"

நான் நடுவில் நிற்கிறேன் என்பதையே இருவரும் மறந்துவிட்டார்கள்.

"ஐஸ்ல."

"ஐஸ்லயா? அடப்பாவி! நான் குப்பியை வெந்நீர்ல குளிப்பாட்டிக் கொண்டு வந்தேன்டா!"

மச்சினன் தலையில் கை வைத்துக்கொண்டான். சூட்டில் குப்பியின் கழுத்து விரிந்திருக்கிறது, குளிரில் மூடியின் தண்டு சுருங்கியிருக்கிறது. போட்டபோது சுகமாக இறங்கியது. அப்புறம் கழுத்து ஆறிச் சுருங்கியது, தண்டு விரிந்தது. ஒன்றையொன்று கவ்விக்கொண்டுவிட்டன.

"ஒரே மேஜையில வெச்சு ஒரே காத்தை வாங்க விடணும்னு அப்பா படிச்சுப் படிச்சுச் சொன்னாரே! வெந்நீர்னு ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா அக்கா?"

"எப்படிடா சொல்றது? உன்கூடத்தான் நான் பேசறதில்லையே!"

டார்ச்சின் கூட்டம் சூழ்ந்துகொண்டது. ஒருத்தன் எண்ணெய் விட்டான். ஒருத்தி மரக்கரண்டியால் செல்லமாகத் தட்டினாள். ஒருத்தன் குப்பியின் கழுத்தில் கயிற்றைச் சுற்றி இழு இழு என்று இழுத்தான், கயிறு புகைந்தது. உடற்பயிற்சிக்கூடம் நடத்துகிறவன் ஒருத்தன் சட்டையைக் கழற்றிவிட்டு வந்தான். அவன் திருகியபோது ஏதோ கழன்ற சத்தம் கேட்டது. எல்லோரும் கைதட்டினோம். கழன்றது அவன் தோள்பட்டை. கழுத்தைச் சூடுபண்ணினால் வரும் என்று ஒருவர் சொன்னார். "விரிசல் விட்டா?" என்று அக்காவும் தம்பியும் ஒரே குரலில் கேட்டார்கள். ஒரே குரலில் கேட்டது இருவருக்குமே பிடிக்கவில்லை.

நூலகர் விளக்கை அணைக்க ஆரம்பித்தார்.

"சரி, குப்பியை விடு. நான் வீட்டுக்குக் கொண்டுபோறேன்."

"குப்பியைக் கொண்டுபோ. என் மூடி எங்கேயும் வராது."

"குப்பி என்னுதுடா!"

"மூடி என்னுதுக்கா!"

அவள் அடியைப் பிடித்துக்கொண்டாள், அவன் தலையைப் பிடித்துக்கொண்டான். அப்படியே பஸ் ஏறினோம். அவர்கள் இருவரும் ஒரே சீட்டில் குப்பியை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் நின்றுகொண்டு வந்தேன். கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"என்ன பெருசு, கைக்குழந்தையா?"

"ஆமாப்பா" என்றேன். "பொறந்ததிலேர்ந்து வாயே திறக்கலை."

ஒரு ராத்திரி மட்டும் இருப்பதாகச் சொல்லித்தான் மச்சினன் வந்தான். காலையில் மூடி வந்துவிடும், எடுத்துக்கொண்டு போய்விடுவேன் என்றான். மூடி வரவில்லை. அவன் போகவில்லை. குப்பியைத் தனியாக என் மனைவியிடம் விட அவனுக்கு நம்பிக்கை இல்லை, மூடியைத் தனியாக அவனிடம் விட அவளுக்கு நம்பிக்கை இல்லை. மாசக் கடைசியில் லாரி ஒன்று வாசலில் வந்து நின்றது. அவன் பங்குப் பாதிக் கடையும் இறங்கியது. பக்கவாட்டில் நடப்பதும் போய், இப்போது நாங்கள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நடக்கிறோம். தெருவில் இறங்கித்தான் மூச்சு விடுவது.

நாள் முழுக்கப் பேச்சுதான். அவளுக்கு அச்சுக் கண்ணாடி என்றால் அவனுக்கு வெட்டுக் கண்ணாடி. அவன் அவரைப்பூ நீலம் என்றால் அவள் மைநீலம் என்பாள். அடுப்பில் என்ன வைப்பது, ஜன்னலை எவ்வளவு திறப்பது, அப்பாவுக்கு எந்தப் பக்கம் தலைவலி வரும், எல்லாவற்றுக்கும் சண்டை. விட்டுப்போன அத்தனை வருஷத்துச் சண்டையையும் பாக்கி வைக்காமல் போடுகிறார்கள். என்னைத் தூது அனுப்ப வேண்டிய தேவை இல்லாமல் போய்விட்டது. அதனால் பூங்காப் பெஞ்சும் போயிற்று. காரணம் இல்லாமல் வெளியே போனால், "எங்கே கிளம்பிட்டீங்க?" என்று இருவரும் கேட்கிறார்கள். சமையலறை நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டிருக்கிறேன். எனக்கு அலுப்பாக இருக்கிறது.

சாயங்காலம் மேற்கு வெயில் சில நாட்களில் ஜன்னல் வழியே வந்து குப்பிமேல் விழும். எதிர்ச் சுவர் முழுக்க நீலமாகிவிடும். அப்போது மட்டும் அவர்கள் சண்டை நிற்கும்.

"முழுசா இருக்குல்லக்கா?"

"இருக்குடா."

அந்தக் கொஞ்ச நேரம் நிற்கிற கால் வலியும் எனக்குத் தெரியாது.

காற்றின்மேல் கை வைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை; எனக்குக் கல்யாணமே ஆகவில்லை, அவ்வளவுதான்.